ஆய்வுத் தலைப்பு தேடும் பிள்ளைகளுக்கு



கல்லூரிகள் திறந்துவிட்டன. காலை எட்டரை மணிக்குப் பாளையங்கோட்டைப் பேருந்துகளில் நிற்க இடமில்லை. முதலாண்டுப் பிள்ளைகள் எல்லாவற்றையும் புதிதாகப் பார்க்கிறார்கள். இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கோ ஒரே கவலைதான்: புராஜெக்ட்டுக்கு என்ன தலைப்பு எடுப்பது? கணினி படிக்கிறவர்கள் பலர், போன வருடத்து அண்ணன்மாரும் அக்காமாரும் செய்துவைத்த வருகைப் பதிவேட்டையும் நூலகக் கணக்கையும் பெயர் மாற்றிச் செய்துவிட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்களும் தலைப்பைத் தேடி வெளிநாட்டு ஆய்விதழ்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த மாதம் இந்தப் பக்கத்தை அவர்களுக்காகவே எழுதுகிறேன். பெற்றோரும் ஆசிரியர்களும் கூடவே வாசியுங்கள். உங்கள் உதவி இல்லாமல் நான் சொல்லப்போகும் வேலை நடக்காது. கணினியியல், கற்பித்தல் முறை, அரபு உலகத்தோடு நமக்குள்ள உறவு ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேரும் ஆய்வுக்களம் ஒன்று உண்டு. உலகின் பெரிய பல்கலைக்கழகங்கள் இப்படித் துறைகளைச் சேர்த்து ஆராயத்தான் ஆள் தேடுகின்றன. நமக்கோ அதற்கான மூலப்பொருள் தாமிரபரணிக் கரையிலேயே இருக்கிறது. அதன் பெயர் அரபுத்தமிழ்.

கேள்விப்படாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரபு எழுத்தில் எழுதிய தமிழ்தான் அரபுத்தமிழ். ஒருவர் வாசிக்க நாம் கேட்டால் காதில் விழுவது தமிழ்தான். இடையிடையே அரபுச் சொற்கள் வரும். எழுத்து மட்டும் வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் போகும். அரபியில் ப, ட, ண, ழ போன்ற ஒலிகளுக்கு எழுத்துக் கிடையாது. எகரமும் ஒகரமும் இல்லை. நம் முன்னோர் அதற்காகத் தயங்கவில்லை. இருக்கிற எழுத்துகளிலேயே புதிதாகப் புள்ளிகளைச் சேர்த்துத் தமிழுக்கு வேண்டியதை ஆக்கிக்கொண்டார்கள். மேலே ஒற்றைப் புள்ளி கொண்ட 'ஃபே' எழுத்தின் அடியிலும் ஒரு புள்ளி வைத்தால் அது 'ப'. 'தால்' எழுத்தின் அடியில் ஒரு புள்ளி வைத்தால் அது 'ட'. ஒரு மொழியின் ஒலிகளை இன்னொரு மொழியின் எழுத்தில் பொருத்துவது நுட்பமான வேலை. கணினி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அதைச் செய்து முடித்திருக்கிறார்கள்.

காயல்பட்டினம், கீழக்கரை, கடலுக்கு அப்பால் இலங்கையின் முஸ்லிம் ஊர்கள் என்று இந்த எழுத்து பரவியிருந்தது. மார்க்கச் சட்டம், நபிகளைப் போற்றும் பாடல்கள், மருத்துவக் குறிப்புகள், பெண்களுக்கான அறிவுரை நூல்கள், குடும்பக் கடிதங்கள் எல்லாம் இதில் இருக்கின்றன. முதலில் கையெழுத்துச் சுவடிகளாக இருந்தவை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்லச்சில் நூல்களாகவும் வந்தன. குறிப்பாகப் பெண்களிடம் இது வாழ்ந்தது. தமிழ்ப் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத உம்மாமார் பலர், வீட்டில் ஓதக் கற்ற எழுத்தை வைத்தே தமிழை வாசித்தார்கள், எழுதினார்கள். அரசாங்கக் கணக்கில் அவர்கள் எழுத்தறிவில்லாதவர்கள். உண்மையில், தொலைதூரத்தில் வியாபாரம் செய்த கணவனுக்குத் தன் கையாலேயே கடிதம் எழுதத் தெரிந்தவர்கள்.

இந்த எழுத்து இங்கே எப்படி வந்தது என்று கேட்டால் ஆறுதான் முதல் சாட்சி. பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, தான் கொண்டுவந்த மண்ணைக் கடலோரத்தில் கொட்டிக்கொண்டே இருந்ததால் கரை நகர்ந்தது. கொற்கை உள்நாட்டு ஊரானது. அடுத்துத் துறைமுகமாக எழுந்த காயலும் காலப்போக்கில் மண் மூடிக் கடலிலிருந்து விலகியது; இன்றைய பழையகாயல் அந்த நினைவைச் சுமந்து நிற்கிறது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்று நூலில் இந்தத் துறைமுகங்களைப் பற்றி விரிவாக எழுதினார்.

அந்தக் காயலுக்கு 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்தார். ஹொர்முஸ், கிஷ், ஏடன் முதலிய மேற்குத் துறைகளிலிருந்து வரும் கப்பல்கள் குதிரைகளோடும் மற்றச் சரக்குகளோடும் இங்கே ஒதுங்குவதை அவர் குறிப்பிட்டிருக்கிறார். பாண்டியரின் படைக்குக் குதிரை அவ்வளவு தேவையாக இருந்தது. இந்தக் கரைக்கும் மற்ற இந்தியத் துறைகளுக்குமாக ஆண்டுக்கு 10,000 குதிரை என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கு எழுதினார். குதிரையோடு வந்தவர்கள் குதிரையை மட்டும் இறக்கிவிட்டுப் போகவில்லை. பருவக்காற்று திரும்பும்வரை தங்கினார்கள். பெண் எடுத்தார்கள், தமிழ் பேசினார்கள், பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் தாய்மொழியாகவும் அரபி ஓதும் மொழியாகவும் ஆயின. இரண்டும் ஒரே வீட்டில் வளர்ந்தபோது அரபுத்தமிழ் தேவைப்பட்டது.

அந்தக் கல்வி மரபு எவ்வளவு வலுவானது என்பதற்கு இரண்டு பெயர்கள் சொல்கிறேன். காயல்பட்டினத்தில் பிறந்த சதக்கத்துல்லா அப்பா (1632–1703) அரபியில் கவிதை இயற்றிய பேரறிஞர். எட்டயபுரத்து உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடியபோது அரபு மூலங்களின் பொருளை அறிய அவருடைய வழிகாட்டலைத் தேடினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர் பெயரில்தான் 1971-இல் தொடங்கப்பட்ட சதக்கத்துல்லா அப்பா கல்லூரி இன்று திருநெல்வேலியில் நிற்கிறது. அடுத்தவர் 1816-இல் காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம். அரூஸிய்யா மதரஸாவை நிறுவியவர். மார்க்கச் சட்டத்தைச் சாதாரண மக்கள் விளங்கிக்கொள்ளும்படி அரபுத்தமிழில் எழுதியவர். அரபியில் மட்டும் எழுதியிருந்தால் ஆலிம்கள் மட்டுமே வாசித்திருப்பார்கள்; அடுப்பங்கரையில் இருந்த பெண்ணும் கடையில் இருந்த பையனும் வாசிக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். பாடம் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று யோசித்து எழுதிய அவரை ஒரு கல்வியாளராகவே நாம் வாசிக்க வேண்டும்.

இந்த மரபின் கற்பித்தல் முறையையும் கவனியுங்கள். தமிழில் இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய முழு இஸ்லாமிய நூல்களில் ஒன்று 1572-இல் வண்ணப்பரிமளப்புலவர் இயற்றிய ஆயிர மசலா. மதீனத்து யூத அறிஞர் அப்துல்லா இப்னு சலாம் நபிகளிடம் கேள்விமேல் கேள்வி கேட்கிறார். விடைமேல் விடை வருகிறது. நூல் முழுக்க இந்த உரையாடல்தான். அரபு மூலத்திலிருந்து கிளைத்த இதே கேள்வி நூல் மலாயிலும் ஜாவானிய மொழியிலும்கூட உண்டு. இந்த மூன்று மொழி வடிவங்களையும் ஒப்பிட்டு ரோனித் ரிச்சி என்ற ஆய்வாளர் 2011-இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார். கேட்டுத் தெரிந்துகொள்வது, கேட்டவரின் ஐயத்திலிருந்தே அடுத்த பாடத்தைத் தொடங்குவது என்ற முறை இந்துமாக்கடலின் கரைகளுக்கெல்லாம் பொதுச் சொத்தாக இருந்திருக்கிறது. இன்று ஊடாட்டக் கற்றல் என்று நாம் பேசுவதற்கு இது முன்னோடி.

இனிக் கணினிப் பிள்ளைகளுக்கான பகுதி.

உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் ஒவ்வோர் எண் கொடுத்து, எந்தக் கணினியிலும் அதே எழுத்தாகத் தெரியச் செய்வது ஒருங்குறி என்னும் யூனிகோடு. 1991-இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கும் இடம் உண்டு, அரபிக்கும் இடம் உண்டு. அரபுத்தமிழுக்கோ காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கே உரிய புள்ளி எழுத்துகளில் சில, வேறு மொழிகளின் தேவைக்காக ஏற்கெனவே சேர்ந்திருந்தன, சில விடுபட்டிருந்தன. விடுபட்டவை 2015 ஜூனில் வெளியான யூனிகோடு 8.0 பதிப்பில் சேர்ந்தன. 'அர்வி' என்ற பெயரில், தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறைக்கான எழுத்துகள் என்று அந்த அறிவிப்பிலேயே சொல்லியிருந்தார்கள். காயல்பட்டினத்துப் புள்ளிக்கு உலகத் தரத்தில் இடம் கிடைத்த ஆண்டு அது. நம் பக்கத்தில் அதை யாரும் கொண்டாடியதாக எனக்கு நினைவில்லை. இப்போதாவது சொல்லி மகிழ்வோம்.

எண் கிடைத்ததும் எழுத்து பிழைத்துவிடாது. அங்கிருந்துதான் வேலை தொடங்குகிறது. அரபு எழுத்து ஒவ்வொன்றும் சொல்லின் தொடக்கம், நடு, கடைசி, தனி என்று நிற்கும் இடத்துக்கு ஏற்ப நான்கு வடிவம்வரை எடுக்கும். நினைவகத்தில் ஒரே எண்தான் இருக்கும். திரையில் எந்த வடிவம் வரவேண்டும் என்று எழுத்துருதான் முடிவு செய்ய வேண்டும். தமிழ் படித்த நமக்கு இந்தச் சிக்கல் புதிதில்லை. 'கெ' என்று தட்டும்போது ககரத்துக்குப் பின் எகரத்தைத் தட்டுகிறோம்; கொம்பு முன்னால் போய் நிற்கிறது. ஆங்கிலத்துக்காகச் செய்த இயந்திரங்களை நம் எழுத்துக்குப் பழக்கியதில் தமிழருக்கும் அரபியருக்கும் ஒரே மாதிரி அனுபவம் உண்டு. சென்னையில் 1999-இல் நடந்த தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்99 விசைப்பலகையைத் தரமாக்கினோமே, அதைப் போல அரபுத்தமிழுக்கும் எந்த விசையில் எந்த எழுத்து என்று ஆராய்ந்து அமைக்கலாம். தமிழும் அரபுத்தமிழும் ஒரே வரியில் வந்தால் இடமிருந்து ஓடும் எழுத்தும் வலமிருந்து ஓடும் எழுத்தும் முட்டிக்கொள்ளும். அதைப் பாடநூலில் எப்படித் தெளிவாகக் காட்டுவது என்று ஆராயலாம். ஒரே சொல்லை ஊருக்கு ஊர் வேறு வேறு விதமாக எழுதியிருப்பார்கள். தேடுபொறி அவற்றையெல்லாம் ஒன்றாகக் காண எப்படிக் கற்பிப்பது என்று ஆராயலாம். ஒவ்வொன்றும் தனித்தனி ஆய்வுத் தலைப்பு.

அரபு நாடுகளில் இதே பாதையில் நடந்தவர்களிடமிருந்து நாம் கற்கவும் நிறைய இருக்கிறது. குவைத்தில் 1982-இல் முஹம்மது அல்ஷாரிக் தொடங்கிய சக்ர் நிறுவனம், வீட்டுக் கணினிகளை அரபி பேச வைத்தது. எண்பதுகளின் அரபுக் குழந்தைகள் பலருக்கு முதல் கணினி சக்ர்தான். ஆங்கிலம் தெரிந்தால்தான் கணினியைத் தொட முடியும் என்ற அச்சம் இல்லாமல் பாடமும் விளையாட்டும் தங்கள் எழுத்திலேயே கற்றார்கள். எகிப்தியப் பொறியாளர் நபீல் அலி, மூன்று மெய்யெழுத்து வேரிலிருந்து சொற்கள் கிளைக்கும் அரபு இலக்கணத்தைக் கணினிக்குப் புரியவைப்பதில் முன்னோடியாக உழைத்தார். நம் பக்கத்தில் முத்தையா அண்ணாமலை, தமிழிலேயே நிரல் எழுதிப் பழக 'எழில்' என்ற மொழியைச் செய்தார். இந்த இரு கரைக்காரர்களின் அனுபவத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் அருமையான ஆய்வாகும்: தாய்மொழியில் கணினி கற்ற பிள்ளைக்கு எது எளிதாகிறது, எது தடையாகிறது?

இன்னொரு பொதுச் சிக்கலும் உண்டு. எழுதும் அரபி ஒன்று, பேசும் அரபி இன்னொன்று. கெய்ரோக்காரர் பேசுவதை மொராக்கோக்காரர் விளங்கிக்கொள்ளச் சிரமப்படுவார். தமிழிலும் அப்படித்தானே? பாடப்புத்தகத்தில் "எங்கே செல்கிறாய்" என்று இருக்கும். வீட்டில் "எங்கலே போற" என்று அப்பா கேட்பார். பேச்சைக் கேட்டு எழுதும் மென்பொருளும், பிள்ளையோடு பேசிப் பாடம் நடத்தும் மென்பொருளும் இந்த இடைவெளியில்தான் தடுக்கி விழுகின்றன. அபுதாபியில் உள்ள நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நிசார் ஹபாஷ் தலைமையில் இயங்கும் ஆய்வுக்கூடம் இதைத் துணிந்து கையில் எடுத்தது. பயணத்தில் பேசும் எளிய வாக்கியங்களை 25 அரபு நகரங்களின் பேச்சுவழக்கில் பெயர்த்துத் தொகுத்தது மதார் என்ற திட்டம். மஸ்கட்டுக்குத் தனி, தோஹாவுக்குத் தனி, பாக்தாதுக்குத் தனி. எந்த ஊர் வழக்கையும் தவறென்று ஒதுக்காமல், ஒவ்வோர் ஊரின் பேச்சையும் அந்த ஊருக்கே உரிய மொழியாக மதித்தார்கள்.

நாமும் செய்யலாம். அம்பாசமுத்திரம், திருநெல்வேலி டவுன், மேலப்பாளையம், ஸ்ரீவைகுண்டம், காயல்பட்டினம் என்று ஆற்றோடு இறங்கி வந்தால் ஒரே வாக்கியம் எத்தனை விதமாக ஒலிக்கும்! கரிசல் மண்ணின் சொற்களைத் திரட்டி 1982-இல் கி. ராஜநாராயணன் அகராதி வெளியிட்டாரே, அதற்குப் பின்னால் பெரிய நிதி எதுவும் இல்லை. நண்பர்களும் ஆர்வமும்தான் இருந்தன. திருநெல்வேலியில் வாழ்ந்து மறைந்த தோப்பில் முஹம்மது மீரான், கடலோர முஸ்லிம் மக்களின் பேச்சை அப்படியே நாவலுக்குள் கொண்டுவந்தார். அவருடைய சாய்வு நாற்காலிக்கு 1997-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. எழுத்தாளர்கள் வழி காட்டிவிட்டார்கள். ஒலிப்பதிவுக் கருவி இன்று எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம், மக்கள் வாய்மொழியை எப்படி முறையாகச் சேகரிப்பது என்று பல ஆண்டுகளாக இதே ஊரில் செய்துகாட்டி வருகிறது.

இப்போது கற்பித்தலுக்கு வருகிறேன். என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி இது.

ஊடாட்டக் கற்றல் என்றால் திரையில் பொத்தானை அமுக்கிக் காணொளி பார்ப்பது என்று நாம் சுருக்கிவிட்டோம். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் நினைவிருக்கிறதா? ஆசிரியர் தரையில் இறங்கி உட்கார்ந்தார். பிள்ளைகள் அட்டை எடுத்து, தம் வேகத்தில் படி ஏறினார்கள். கரும்பலகையைப் பிள்ளையின் உயரத்துக்குக் கீழே இறக்கினார்கள். அதன் உயிர் அட்டையில் இல்லை. பிள்ளை செய்வதைப் பார்த்து ஆசிரியர் தன் அடுத்த அடியை மாற்றிக்கொள்வதில் இருந்தது. குழந்தைகளுக்காக 1967-இல் லோகோ கணினி மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பாப்பர்ட்டும் இதையே வலியுறுத்தினார்: கணினி குழந்தையை நடத்தக் கூடாது, குழந்தைதான் கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், கற்றுக்கொடுக்கும்போதுதான் குழந்தை உண்மையாகக் கற்கிறது.

அரபுத்தமிழில் இதை அப்படியே நடத்திக் காட்டலாம். பழைய கையெழுத்தை வாசிக்கும் மென்பொருள் எப்படிக் கற்கிறது தெரியுமா? பக்கத்தைப் படம் பிடித்து வரி வரியாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதன் சரியான வாசகத்தை மனிதர் ஒருவர் தட்டச்சு செய்து தருவார். அந்த இணைகளைப் பார்த்துப் பார்த்து மென்பொருள் பழகும். அடுத்த பக்கத்தை அதுவாக வாசித்துப் பார்க்கும். நிறையத் தப்பு வரும். மனிதர் திருத்துவார். திருத்திய பக்கம் அதற்கு மறுபடி பாடமாகும். பாரிஸில் உருவான ஈஸ்கிரிப்டோரியம், அதன் உள்ளே இயங்கும் கிராக்கன் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் வலமிருந்து எழுதும் எழுத்துகளுக்கும் பழக்கப்பட்டவை. அரபுச் சுவடிகளில் ஆய்வாளர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தச் சரியான வாசகத்தை யார் சொல்வது? கணினிப் பிள்ளைக்கு அரபுத்தமிழ் தெரியாது. அரபிப் பேராசிரியருக்குப் பழந்தமிழ்ச் சொல் பிடிபடாமல் போகலாம். தமிழ்ப் பேராசிரியருக்கு எழுத்தே தெரியாது. வாசிக்கத் தெரிந்தவர் காயல்பட்டினத்து வீடொன்றில் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கும் எழுபது, எண்பது வயதுப் பெரியவர். பெரும்பாலும் ஒரு உம்மம்மா. அவர் வாசிக்க வேண்டும், பேத்தி தட்டச்சு செய்ய வேண்டும், மாணவன் மென்பொருளைப் பழக்க வேண்டும், பேராசிரியர்கள் பொருள் விளக்க வேண்டும். இதில் ஒருவர் இல்லாவிட்டாலும் வேலை நின்றுவிடும். பட்டம் பெற்றவர்களும் பள்ளிக்கூடம் போகாதவரும் சரிசமமாக உட்காரும் ஆய்வு இது. ஆய்வறிக்கையில் ஆசிரியர் வரிசை போடும்போது அந்த உம்மம்மாவின் பெயரும், அவர் சம்மதித்தால், அந்த வரிசையிலேயே வர வேண்டும். நன்றியுரையின் கடைசியில் அல்ல.

இன்னொரு கேள்வியையும் ஆராயும்படி கல்வியியல் மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மேலப்பாளையத்தில் காலையில் ஓதப்போகும் பிள்ளைக்கு அரபு எழுத்துத் தெரியும். வீட்டில் தமிழ் பேசும். ஆங்கிலவழிப் பள்ளியில் படிப்பதால் தமிழ் வாசிப்பில் தடுமாறும். வளைகுடாவில் வளரும் நம் பிள்ளைகளின் நிலையும் இதுதான். ஐக்கிய அரபு அமீரகத்துப் பள்ளிகளில் அவர்களுக்கு அரபி ஒரு பாடம். அம்மாவோடு பேசுவது தமிழ். தமிழ் எழுத்துதான் அந்நியமாகிவிட்டது. இந்தப் பிள்ளையிடம் நாலைந்து புது எழுத்தைச் சொல்லிக்கொடுத்து ஓர் அரபுத்தமிழ்ப் பக்கத்தை நீட்டினால் என்ன நடக்கும்? எழுத்துக் கூட்டி வாசிக்கும்போது தன் வாயிலிருந்து தமிழ் வருவதைத் தானே கேட்கும். அங்கிருந்து தமிழ் எழுத்துக்குக் கைபிடித்து அழைத்துப் போக முடியுமா? முடியும் என்று நான் நம்புகிறேன். நம்பிக்கை போதாது; வகுப்பறையில் சோதித்து, அளந்து, முடிவை எழுத வேண்டும். திருநெல்வேலிக்கும் துபாய்க்கும் இடையே நடத்த வேண்டிய ஆய்வு இது.

முஸ்லிம் அல்லாத பிள்ளைகளிடமும் ஒரு சொல். இது அவர்களுடைய சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். வீரமாமுனிவரின் தேம்பாவணியும் உமறுப்புலவரின் சீறாப்புராணமும் எப்படி எல்லாத் தமிழருக்கும் சொந்தமோ, அப்படியே இந்தச் சுவடிகளும். பொட்டல்புதூர்ப் பள்ளிவாசலில் எல்லாச் சமயத்தாரும் கூடி நிற்கும் மண் இது. தமிழ் எந்தெந்த உடையில் வாழ்ந்தது என்று தெரிந்துகொள்வது தமிழ் படிக்கும் ஒவ்வொருவரின் கடமை.

குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் அவசரமானது. அரபு எழுத்துள்ள காகிதத்தைக் குப்பையில் போடக் கூடாது என்பது முஸ்லிம் வீடுகளின் மரியாதை. நைந்துபோன ஏடுகளைப் புதைப்பார்கள், ஓடும் நீரில் விடுவார்கள். வாசிக்கத் தெரிந்தவர் இல்லாத வீட்டில், அந்தக் கட்டில் இருப்பது குர்ஆன் வசனமா, பாட்டனார் எழுதிய வைத்தியக் குறிப்பா, தமிழ்ப் பாட்டா என்று பிரித்தறிய ஆளில்லை. எல்லாம் ஒரே மரியாதையோடு போய்விடுகின்றன. வீட்டை இடித்துக் கட்டும்போதும் சொத்துப் பிரிக்கும்போதும் பரணிலிருந்து இறங்கும் கிதாபுகளுக்கு நேர்வது இதுதான். தயவுசெய்து ஒரு நாள் பொறுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், அட்டை முதல் அட்டை வரை ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுங்கள். ஓரத்தில் கிறுக்கியிருப்பதையும் விடாதீர்கள். ஊரும் ஆண்டும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள், லாமினேஷன் செய்யாதீர்கள். இரண்டும் காகிதத்தைக் கெடுக்கும். யார் வீட்டு நூல், எப்படி வந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். வீட்டுப் பெரியவர் யாராவது வாசிப்பார் என்றால் அவர் குரலையும் பதிவு செய்யுங்கள்.

மாணவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். மூல நூல் அந்த வீட்டிலேயே இருக்கட்டும்; இரவல் கேட்காதீர்கள். கடிதங்களில் குடும்ப ரகசியம் இருக்கும். அனுமதி இல்லாமல் ஒரு வரியும் வெளியே போகக் கூடாது. பெண்கள் பகுதிக்குள் மாணவிகள் போய்ப் பேசுவதுதான் முறை. ஓதும் நூலை எப்படித் தொடுவது, எங்கே வைப்பது என்று அந்த வீட்டாரிடமே கேட்டுச் செய்யுங்கள். ஒரு சமூகத்தை ஆராயப்போகிறவர் முதலில் அதன் பழக்கத்தை மதிக்கக் கற்க வேண்டும்.

கல்லூரி முதல்வர்களுக்கும் துறைத்தலைவர்களுக்கும் பணிவோடு ஒன்று கேட்கிறேன். 1990-இல் தொடங்கி இன்று அபிஷேகப்பட்டியில் இயங்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும், நெல்லை, தூத்துக்குடி, தென்காசிக் கல்லூரிகளிலும் இதற்கு வேண்டிய துறைகள் இருக்கின்றன. ஒரே வளாகத்தில் ஒரு துறைக்காரர் இன்னொரு துறைப் படியேறிப் போய்ப் பேசும் பழக்கம்தான் குறைவு. கணினி மாணவர் ஒருவர், தமிழ் மாணவர் ஒருவர், அரபி தெரிந்த ஒருவர் என்று மூவர் குழுவுக்கு ஒரே புராஜெக்ட்டை அனுமதியுங்கள். மூவருக்கும் அவரவர் துறையில் மதிப்பெண் கொடுங்கள். இந்த ஒரு நிர்வாக முடிவு, பல கருத்தரங்குகள் சாதிக்காததைச் சாதிக்கும்.

வளைகுடாவில் இருக்கும் நம் வாசகர்களே, உங்களில் பலர் கணினித் துறையில் இருக்கிறீர்கள். எழுத்துரு செய்யத் தெரிந்தவர்கள், விசைப்பலகைச் செயலி எழுதத் தெரிந்தவர்கள், அரபியில் சரளமாகப் பேசுகிறவர்கள் உங்களில் உண்டு. வார விடுமுறையில் சில மணி நேரம் ஊருக்காக ஒதுக்குங்கள். ஒரு மாணவருக்கு வழிகாட்டுங்கள். தொலைவு இன்று ஒரு பொருட்டில்லை.

நம் இதழும் தன் பங்கைச் செய்யும். வாசகர்கள் எழுத்துப்பெயர்த்து அனுப்பும் அரபுத்தமிழ்ப் பகுதிகளை, அறிந்தவர்களிடம் காட்டிச் சரிபார்த்து, மூலப்பக்கத்தின் படத்தோடு தொடர்ந்து வெளியிடுவோம். இந்தத் தலைப்பை எடுக்கும் மாணவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். ஒரே ஊரில் ஒரே வேலையைத் தனித்தனியாகச் செய்துகொண்டிருப்பவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தி வைப்போம். சோதனையில் தோற்றாலும் எழுதுங்கள். எது ஏன் ஓடவில்லை என்று தெரிவது அடுத்தவருக்குப் பெரிய உதவி.

எழுத்துகளுக்கு எண் கிடைத்துவிட்டது, கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, படித்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டு வருகிறார்கள். ஆகவே இந்த ஆய்வை அடுத்த கல்வியாண்டுக்குத் தள்ளிவைக்காதீர்கள். தலைப்பைப் பதிவு செய்யக் கல்லூரி கொடுத்திருக்கும் கடைசித் தேதிக்குள் ஒரு பெரியவரையாவது சந்தித்துப் பேசிவிடுங்கள். தலைப்பின் மீதியை அவரே சொல்லித் தருவார்.

அன்புடன்,
ஆசிரியர்